இந்த மாதம் இன்னோர் ஆசிரியரின் பக்கம்



போன மாதம் கரூரிலிருந்து ஒரு தாயின் கடிதம் வந்தது. இன்லண்ட் தாளின் மடிப்புவரை இடம் விடாமல் எழுதியிருந்தார். மகள் எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டாளாம். வேலையில் உட்காரும் முன் ஒரு வருடம் எங்காவது வெளிநாட்டுப் பள்ளியில் சம்பளமில்லாமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். “போகட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அங்கே காலையில் எழுந்து என்னதான் செய்வாள்? யாராவது அதைச் சொன்னால் என் மனசு ஆறும்” என்று முடித்திருந்தார்.

அம்மா, உங்கள் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். பிள்ளை தூரதேசம் போகிறது என்றால் பெற்றவளுக்குத் தெரியவேண்டியது அதுதானே. எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள், என்ன சாப்பிடுவாள், யார் பக்கத்தில் நிற்பாள்? அப்படி ஒரு காலைப்பொழுதை நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்தின் தலையில் மாதாமாதம் ‘ஆசிரியர் பக்கம்’ என்று அச்சாகிறது. இந்த முறை ‘ஆசிரியர்’ என்ற சொல்லை அதன் பழைய சொந்தக்காரர்களான பள்ளி ஆசிரியர்களிடமே கொடுத்துவிடுகிறேன்.

என் கல்லூரித் தோழி கல்யாணமாகி நியூஜெர்சிக்குப் போனவள். அவள் மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். என்னைச் சித்தி என்பாள். படிப்பு முடிந்ததும் ‘பீஸ் கோர்’ அமைப்பில் சேர்ந்தாள். அமெரிக்க அதிபர் கென்னடி 1961-ல் தொடங்கிய தொண்டர் அமைப்பு அது. நம் நாட்டிலும் 1976 வரை அதன் தொண்டர்கள் வேலை செய்திருக்கிறார்கள். கம்போடியாவுக்கு 2007 முதல் போகிறார்கள். முதல் மூன்று மாதம் மொழியும் பயிற்சியும், அதன்பின் இரண்டு வருடம் ஒரே ஊர், ஒரே பள்ளி. உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடுதான் தங்கவேண்டும். கைச்செலவுக்குப் பணம் உண்டு, சம்பளம் இல்லை. 2019 டிசம்பரில் ஒன்பது நாள் அவளோடு இருந்தேன். புனோம் பென் நகருக்குத் தெற்கே, தாக்கேவ் மாகாணத்தில் நெல்வயல்களுக்கு நடுவே ஒரு கிராமம்.

அங்கே நாலரை மணிக்கே ஊர் விழித்துவிடுகிறது. விகாரையின் ஒலிபெருக்கியில் பிக்குகள் பாலி மொழியில் ஓதத் தொடங்குவார்கள். மார்கழி மாதமல்லவா, முதல் நாள் தூக்கக் கலக்கத்தில் நம்மூர்க் கோயில் என்றே நினைத்துக்கொண்டேன். மரத்தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய வீடு. கீழே மாடு ஒரு பக்கம், மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம், நடுவில் வலைத்தூளி. வீட்டுக்கார அம்மா வாசலைப் பெருக்கி, சருகைக் குவித்து, தீ மூட்டியிருப்பார். மழைநீர் பிடித்து வைக்கும் பெரிய சிமெண்டுத் தாழிகள் வரிசையாக நிற்கும். தோழியின் மகள் சாரோங்கை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு தாழியிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்வாள். நியூஜெர்சியில் வெந்நீர்க் குழாய்க்கு அடியில் அரைமணி நேரம் நின்ற பெண்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம் அம்மா. அரிசி மாவைப் பிழிந்து கொதிநீரில் விட்டெடுக்கும் ‘நொம் பாஞ்சொக்’ நம் இடியாப்பத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. மேலே மஞ்சளும் எலுமிச்சைப்புல்லும் அரைத்துவிட்ட மீன் குழம்பு, பொடியாக நறுக்கிய வாழைப்பூ, வெள்ளரி. வீட்டுக்கார அம்மா அதைக் காலையில் விற்பனைக்கே போடுகிறார். முதல் கிண்ணம் தோழியின் மகளுக்கு. பக்கத்திலேயே உட்கார்ந்து, இவள் குழம்பை மிச்சம் வைக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆறேகாலுக்குச் சைக்கிள். தலைக்கவசம் போடாமல் ஏறக்கூடாது என்பது அமைப்பின் கட்டளை. ஊரில் சைக்கிளுக்குத் தலைக்கவசம் போடும் ஒரே ஆள் இவள்தான். செம்மண் சாலையின் இருபுறமும் அறுவடைக்கு நின்ற வயல், வயலுக்கு நடுவே பனை. எங்கே திரும்பினாலும் பனை. பனை நம் மாநில மரம் என்பது உங்களுக்குத் தெரியும். கம்போடியாவின் தேசிய மரமும் அதுதான்; 2005-ல் அரசர் ஆணையே போட்டிருக்கிறார். மூங்கில் குழாய்களைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் பதநீர் கொண்டுபோனார். பின்னால் சைக்கிளில் வந்த நான் இறங்கி வாங்கிக் குடித்தேன். வீட்டுத் திண்ணைகளிலிருந்தெல்லாம் “ஹலோ! வாட் இஸ் யுவர் நேம்?” என்று குழந்தைகள் கத்திக்கொண்டே இருந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேலாகத் தினமும் பெயரைச் சொல்லியும் மறுநாள் அதே கேள்விதான் வரும் என்றாள்.

பள்ளிக்குப் பெயர் கம்போடியர்களின் கெமர் மொழியில் ‘சாலா’. நம் பாடசாலையின் சாலையேதான். ஆசிரியர் ‘க்ரூ’, குருவிலிருந்து வந்தது. ஆணென்றால் லோக் க்ரூ, பெண்ணென்றால் நேக் க்ரூ. இவளோடு சேர்ந்து பாடம் எடுக்கும் கெமர் ஆசிரியரை இங்கே லோக் க்ரூ என்றே எழுதுகிறேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஆறே முக்காலுக்கு இரண்டு பேரும் புளியமரத்தடியில் உட்காருவார்கள். அவர் கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் காபி. டின் பால் விட்டு, நாக்கில் ஒட்டும் இனிப்பு. நடுவில் ஒரு நோட்டு. பக்கத்தில் நெடுக்காகக் கோடு கிழித்து, இடப்பக்கம் அவர் செய்வது, வலப்பக்கம் இவள் செய்வது. புதுச்சொற்களை அவர் அறிமுகப்படுத்துவார், இவள் உச்சரித்துக் காட்டுவாள். பயிற்சி நடக்கும்போது இருவரும் ஆளுக்கொரு பக்கமாக பெஞ்சுகளுக்கிடையே நடப்பார்கள். பதினைந்து நிமிடம், அவ்வளவுதான். ஒன்பது நாளில் நான் பார்த்த எல்லாவற்றிலும் என் மனதில் நன்றாகத் தங்கியது அந்தப் பதினைந்து நிமிடம்தான். காரணம் பின்னால் சொல்கிறேன்.

ஏழு மணிக்குக் கொடியேற்றம், தேசிய கீதம். அப்புறம் எட்டாம் வகுப்பு. வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் கால்சட்டையுமாக ஐம்பது பேருக்கு மேல். அறுவடைக் காலம் என்பதால் கடைசி பெஞ்சுகள் காலி. வகுப்புத் தலைவி குரல் கொடுத்ததும் எல்லோரும் எழுந்து “குட் மார்னிங் டீச்சர்” என்று ராகம் போட்டார்கள். உட்காரச் சொல்லும்வரை நின்றார்கள். எனக்கு என் எட்டாம் வகுப்பே எழுந்து நின்றதுபோல் இருந்தது.

அன்றைக்கு இவள் பலகையில் மூன்று சொற்களை எழுதினாள். ஃபைவ், ஃபைன், ஃபைட். தான் ஒன்றைச் சொல்வாள், மாணவர்கள் அது எத்தனையாவது சொல் என்று விரலைக் காட்டவேண்டும். பாதி விரல்கள் தப்பாகவே எழுந்தன. திருப்பிச் சொல்லச் சொன்னால் மூன்றும் ‘ஃபை’ என்றே வந்தன. உதட்டைக் கடித்துக் காட்டினாள், நாக்கை நீட்டிக் காட்டினாள். பிள்ளைகள் சிரித்தார்கள், ஆனால் கதை நகரவில்லை.

லோக் க்ரூ சுவரோரத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்தார். கெமர் மொழியில் ஏதோ சொன்னார். வகுப்பு அமைதியாகி, பிறகு எல்லோரும் உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து ஊதிப் பார்த்தார்கள். அவர் சொன்னதை இவள் எனக்குப் பிறகு தமிழில் சொன்னாள், தட்டுத் தடுமாறித்தான். “நம்ம பாஷையிலே கடைசிச் சத்தத்தை வாய்க்குள்ளேயே வச்சுக் கதவைச் சாத்திடறோம். இங்கிலீஷ்காரங்க அதை வெளியே அனுப்பிட்டுத்தான் சாத்துவாங்க. அது வெளியே போச்சான்னு கை வச்சுப் பாருங்க.” அடுத்த சுற்றில் விரல்கள் பெரும்பாலும் சரியாக எழுந்தன.

இவளால் அதைச் சொல்லியிருக்க முடியாது. பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுகிறவளுக்குத் தன் வாய்க்குள் கதவு இருப்பதே தெரியாது. அதைத் தானே ஒருமுறை கஷ்டப்பட்டுத் திறந்தவருக்குத்தான் தெரியும். கெமர் சொற்களின் முடிவில் ‘ஸ்’ வந்தால் அது ‘ஹ்’ ஆகிவிடும்; அதனால் ரைஸ் அங்கே ‘ரைஹ்’. பன்மைக்கென்று சொல்லில் ஒன்றும் சேர்ப்பதில்லை, வினைச்சொல்லும் காலத்துக்கேற்ப மாறுவதில்லை. ஆகவே ‘ஷீ லைக்ஸ் ரைஸ்’ என்ற மூன்றே சொல் அந்தப் பிள்ளைகளுக்கு மூன்று மலை. நமக்கு வேறு மலை. நாம் கதவைத் திறந்து அனுப்புவதோடு நில்லாமல் கூடவே ஓர் உகரத்தையும் வழித்துணைக்கு அனுப்புகிறோம். “பாட்டி பஸ்ஸு, காருன்னு சொல்வாங்கல்ல சித்தி, இவங்க அதுக்கு நேர் எதிர்” என்றாள். இலக்கண வகுப்பில் உகரத்தை இப்படி யாராவது எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அதே வகுப்பில் இன்னொன்று நடந்தது. ‘டூ யூ லைக் ஃபிஷ்?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் பயிற்சி. பிள்ளைகள் தங்களுக்குள் சரளமாகக் கேட்டார்கள். ஒரு சிறுமி இவளிடம் கேட்கவேண்டி வந்ததும் தயங்கி, “டீச்சர் லைக் ஃபிஷ்?” என்றாள். இவள் திருத்தினாள். மறுபடி அதே. ‘யூ’ மட்டும் வாயில் வரவே இல்லை. கெமர் மொழியில் எதிரில் இருப்பவரின் வயது தெரியாமல் வாயைத் திறக்க முடியாது. மூத்தவர் போங், இளையவர் ஓன், அப்பாவைவிட இளையவர் என்றால் பூ, பெண்ணென்றால் மிங். ஆசிரியரை முகத்துக்கு நேரே ‘யூ’ என்பது அந்தச் சிறுமிக்கு, நம் பிள்ளை தமிழய்யாவை ‘நீ’ என்பதுபோல. லோக் க்ரூ இவள் காதருகே அதைச் சொன்னார். பிறகு வகுப்பைப் பார்த்து, ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே மரியாதையும் இருக்கிறது, அரசரிடம்கூட அதைத்தான் சொல்லவேண்டும் என்றார். சிறுமி கைகூப்பிக்கொண்டே “டூ யூ” என்றாள். தவறென்று நினைத்துத் திருத்தியது பணிவு என்று தெரிந்ததும் தோழியின் மகள் முகம் சிவந்துவிட்டது.

இப்படி ஒருவருக்கொருவர் இடம் கொடுத்து நிற்பது முதல் நாளே வந்துவிடவில்லை. தொடக்கத்தில் பெரிய மனவருத்தம் ஒன்று நடந்திருக்கிறது. அதை அவளே எனக்குச் சொன்னாள், எழுதவும் அனுமதி தந்தாள். பணியில் சேர்ந்த இரண்டாம் மாதம், லோக் க்ரூ பலகையில் எழுதிய ‘டுமாரோ’வில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. மாணவர்கள் முன்னாலேயே சுட்டிக்காட்டி, தானே சாக்பீஸை வாங்கித் திருத்திவிட்டாள். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தாளாம். அவர் புன்னகைத்தார். மறுநாளிலிருந்து “இன்றைக்கு நேக் க்ரூவே எடுக்கட்டும்” என்று சொல்லி வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். மூன்று வாரம். ஐம்பது பிள்ளைகள் முன் தனியாக நின்று இவள் பேசுவாள், அவர்கள் அழகாகச் சிரிப்பார்கள், ஒன்றும் ஏறாது.

வீட்டுக்கார அம்மாதான் புரியவைத்திருக்கிறார். கெமர் மொழியில் முகத்துக்கு ‘முக்’ என்றே சொல்கிறார்கள். ஒருவரைப் பலர் முன் தலைகுனிய வைத்தால் அவருடைய முக் முறிந்துபோகும். முகமுறிவு என்று நாமும் சொல்கிறோமே, சொல்லுக்குச் சொல் அதேதான். மறுநாள் அதிகாலை இவள் தன் கெமர் மொழி நோட்டை எடுத்துக்கொண்டு லோக் க்ரூவிடம் போனாள். எனக்கு இதைத் திருத்தித் தரமுடியுமா என்று கேட்டாள். அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒரு பக்கத்தில் பதினோரு பிழை. தினமும் காலையில் வா என்றார். அந்தப் புளியமரத்தடிப் பதினைந்து நிமிடம் அப்படிப் பிறந்ததுதான்.

அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் என்ற கொடூர இயக்கம் ஆட்சியைப் பிடித்தபோது அவர் கைக்குழந்தை. பள்ளிகளை இழுத்து மூடினார்கள். படித்தவர்களைக் குறிவைத்துக் கொன்றார்கள். ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். தலைநகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியே சித்திரவதைச் சிறையானது. துவோல் ஸ்லெங் என்று இன்று உலகம் அறியும் இடம் அது. வகுப்பறைகளைச் செங்கல்லால் தடுத்துக் கட்டிய சிற்றறைகளை அங்கே நான் போய்ப் பார்த்தேன். சுவரில் கரும்பலகை இன்னும் இருந்தது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

1979-ல் அந்த ஆட்சி விழுந்ததும் பள்ளிகளைத் திறக்க ஆசிரியர்கள் இல்லை. அதிகம் தெரிந்தவர் கொஞ்சம் தெரிந்தவருக்கும், கொஞ்சம் தெரிந்தவர் ஒன்றும் தெரியாதவருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்பதே அன்றைய முழக்கம். வெளிநாட்டு மொழி என்றால் அப்போது ரஷ்யமும் வியட்நாமியமும்தான், ஆங்கிலத்துக்குத் தடை. லோக் க்ரூ தன் பதின்மூன்று, பதினான்கு வயதில் மாமா வீட்டில் இரவில் மண்ணெண்ணெய் விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு ஆங்கிலம் படித்திருக்கிறார். புத்தகம் கிடையாது. யாரிடமோ இருந்த புத்தகத்தைப் பக்கம் பக்கமாகக் கையால் எழுதி எடுத்தது. ‘டுமாரோ’வில் அந்த ஓர் எழுத்து எங்கே விழுந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். விளக்கு வெளிச்சத்தில், பிரதி எடுத்த யாரோ ஒருவரின் பேனாவிலிருந்து விழுந்திருக்கும்.

1992-ல் ஐ.நா. அமைதிக்குழு வந்து, 1993-ல் தேர்தல் நடத்தியபோது திடீரென்று ஊரெங்கும் ஆங்கிலம் தெரிந்தவர் தேவைப்பட்டார்கள். 1999-ல் கம்போடியா ஆசியான் கூட்டமைப்பில் சேர்ந்தது; அதன் அலுவல் மொழி ஆங்கிலம். ஒளித்து வைத்துப் படித்த மொழி பாடத்திட்டத்துக்கு வந்துவிட்டது. ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ‘இங்கிலீஷ் ஃபார் கம்போடியா’ என்ற பாடநூல் வரிசை. அவர் கையிலிருந்த பிரதியின் அட்டை மூன்று தடவை தைக்கப்பட்டிருந்தது.

பதினோரு மணிக்கு மணி அடிக்கிறது. பிள்ளைகள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் பறக்கிறார்கள். மாலையில் லோக் க்ரூ வீட்டில் டியூஷன், சிறு கட்டணம். நடுவில் தன் வயலைப் பார்த்துவிட்டு வருவார். அரசுச் சம்பளம் மட்டும் போதாத ஊரில் இதைக் குறையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் மதியம் ஆசிரியர் அறையில் அவள் ஒரு வெள்ளைத்தாளை என் முன் வைத்தாள். தமிழ் பேசுவாளே தவிர எழுதப் படிக்கத் தெரியாது. கெமர் எழுத்து அங்கே வந்து கற்றது. “சித்தி, தமிழ் எழுத்தை வரிசையா எழுதுங்க.” க, ங, ச, ஞ என்று எழுதினேன். அவள் பக்கத்தில் கெமர் எழுத்துகளை எழுதிக்கொண்டே வந்தாள். க வரிசை, ச வரிசை, ட, த, ப. அதே அடுக்கு. கெமர் எழுத்து பல்லவர் எழுத்தின் வழி வந்தது. ஆண்டு குறித்த மிகப் பழைய கெமர் கல்வெட்டு கி.பி. 611-ஐச் சேர்ந்தது, கிடைத்த இடம் அங்கோர் போரே, அதே தாக்கேவ் மாகாணம். லோக் க்ரூ தாளை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, உங்களுக்கு எழுத்து குறைவு, பிள்ளைகள் பாடு சுலபம் என்றார்.

கரூர் அம்மா, உங்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ‘தொண்டு’க்கு அழைத்துப்போகும் நிறுவனங்கள் நிறைய முளைத்திருக்கின்றன. அவற்றை எனக்குப் பிடிக்கவில்லை. வந்தவர் பெயர் பிள்ளைகளுக்குப் பழகும்முன் அவர் விமானம் ஏறிவிடுகிறார். அனாதை இல்லத்தில் போய்ச் சொல்லிக்கொடுக்கலாம் என்று யாராவது கூப்பிட்டால் கூடுதல் கவனம் வேண்டும். கம்போடியாவின் இல்லங்களில் இருந்த குழந்தைகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதாக யுனிசெஃப் 2011-லேயே சொன்னது. வெளிநாட்டார் வந்து பார்க்கவும் பணம் தரவுமே சில இல்லங்கள் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கூட்டி வைத்த கொடுமையும் அதில் உண்டு. உங்கள் மகள் போகும் பள்ளியில் அவளோடு வகுப்பில் நிற்கப்போகிற உள்ளூர் ஆசிரியர் யார் என்று கேளுங்கள். பெயர் சொல்ல முடிந்தால் தைரியமாக அனுப்புங்கள். அப்படி ஒருவர் இல்லை, இவள் தனியாகத்தான் எடுக்கவேண்டும் என்றால், அங்கே ஒருவருக்குக் கிடைக்கவேண்டிய வேலையில் இவள் உட்காருகிறாளோ என்று விசாரியுங்கள்.

தோழியின் மகள் தன் இரண்டு வருடத்தை முடிக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் உலகம் முழுவதிலிருந்தும் எல்லாத் தொண்டர்களையும் அமைப்பு திரும்ப அழைத்துக்கொண்டது. கம்போடியப் பள்ளிகள் அதற்குள் மூடியிருந்தன. மாணவர்களிடம் சொல்லிக்கொண்டு வரக்கூட முடியவில்லை. புளியமரத்தடி நோட்டை லோக் க்ரூவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். விமான நிலையத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு, பாதியில் விட்டுவிட்டு வருகிறேனே சித்தி என்று அழுதாள். என்ன சொல்லித் தேற்றினேன் என்று நினைவில்லை. இப்போது நியூஜெர்சியில், வேறு நாடுகளிலிருந்து குடியேறி வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறாள்.

உங்கள் கடிதத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். பதிலுக்கு ஒரு குரல் பதிவை அனுப்பினாள். லோக் க்ரூ அவளுக்கு அனுப்பியது. மின்விசிறிச் சத்தம், பெஞ்சு நகரும் சத்தம். “ஒன், டூ, த்ரீ” என்கிறார். ஒரு வகுப்பே சேர்ந்து “ஷீ லைக்ஸ் ரைஸ்” என்கிறது, ஒவ்வொரு ஸ்ஸும் பாம்பு சீறுவதுபோல நீண்டு. இவள் பார்த்தே இராத புதுப் பிள்ளைகள். சத்தம் அடங்கியதும் அவர் குரல் மட்டும் பக்கத்தில் வருகிறது. உடன் நின்ற காலமெல்லாம் இவளை நேக் க்ரூ என்றே கூப்பிட்டு, ஒருமுறைகூட ‘யூ’ சொல்லாத மனிதர், நிதானமாக, ஒவ்வொரு சொல்லின் கதவையும் திறந்து விட்டுக் கேட்கிறார்: “டூ யூ ஹியர் தி எஸ்?”

அன்புடன்,
ஆசிரியர்